ஜெர்மன் கற்றல்: கடிகாரம் வரை வந்தாயிற்று

ஏ1 என்ற தொடக்க நிலைப் பாடங்களில் எண்கள், வினை ஈறுகள், மூன்று பால்கள் எல்லாம் தாண்டி மணி சொல்லும் பாடத்துக்கு வந்திருக்கிறேன். அதுவரை படித்த இலக்கணம் முழுக்க இங்கே ஒன்றாக வேலை வாங்குகிறது. அதனால் அவசரப்படாமல் இந்தப் பாடத்திலேயே தங்கிவிட்டேன்.

ஜெர்மனியில் மணி சொல்ல இரண்டு முறை உண்டு. ரயில் நிலையம், செய்தி, அலுவலகம் என்றால் 24 மணிக் கணக்கு. 19:43 என்பது 'நொயின்ட்சேன் ஊர் ட்ரைஉன்ட்ஃபிர்ட்சிஹ்'. ('ஊர்' என்றால் மணி. சிரித்துக்கொண்டே மனப்பாடம் ஆகிவிட்டது.) 43ஐ அவர்கள் 'மூன்றும் நாற்பதும்' என்று பின்னாலிருந்து சொல்வதுதான் கஷ்டம். இதற்கு லைப்சிக் ரயில் நிலையத்தின் புறப்பாட்டு நேரங்களைப் போனில் திறந்து, வரிசையாக உரக்கப் படிக்கிறேன். டிரெஸ்டன், ஹாலே, எர்ஃபுர்ட் என்று ஊர்ப்பெயர்களும் இலவசமாகச் சேர்கின்றன.

வீட்டுப் பேச்சு வேறு. அங்கே 12 மணிக் கணக்கு, 'ஹல்ப்' என்ற அரை வேறு. நாம் ஏழரை என்றால் ஏழு முடிந்து அரை. அவர்கள் 7:30ஐ 'ஹல்ப் அஹ்ட்' என்பார்கள்: எட்டில் பாதி. எட்டாவது மணி ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் பாதி போய்விட்டது என்ற கணக்கு. 7:25க்கு இந்த அரையையே அடையாளக் கல்லாக வைத்து 'ஃப்யூன்ஃப் ஃபோர் ஹல்ப் அஹ்ட்', அதாவது அரைக்கு ஐந்து நிமிடம் முன்னால். 7:35க்கு ஃபோர் போய் 'நாஹ்' வரும். காலும் முக்காலும் பாடப்படி சுலபம்: 7:15 'ஃபிர்ட்டல் நாஹ் ஸீபன்', 7:45 'ஃபிர்ட்டல் ஃபோர் அஹ்ட்'. ஆனால் லைப்சிக் பக்கமும் ஷ்டுட்கார்ட் பக்கமும் 7:15ஐ 'ஃபிர்ட்டல் அஹ்ட்' என்று சொல்வோர் உண்டு. எட்டில் கால்! 7:45 'ட்ரை ஃபிர்ட்டல் அஹ்ட்', எட்டில் முக்கால். என்னைக் கேட்டால் இதுதான் ஒழுங்கான முறை. கால், அரை, முக்கால் மூன்றும் ஒரே கணக்கில் நடக்கின்றன. இருந்தாலும் தொடக்க நிலையில் பேசுவதற்கு 24 மணிக் கணக்கே போதும். 'ஹல்ப்' காதில் விழுந்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்காமல் இருக்க அது தேவை.

பால் இங்கேயும் விடவில்லை. 'ஊர்' பெண்பால், 'ஐனெ ஊர்' என்றால் ஒரு கடிகாரம். மணி ஒன்று என்பதற்கு 'ஐன் ஊர்', ஊர் சேர்க்காவிட்டால் 'ஐன்ஸ்'.

வேற்றுமை உருபு ஒட்டிப் பழகிய நமக்கு முன்னிடைச்சொற்கள் தனித்தனியாக வருவது புதிது. மணிக்கு 'உம்', கிழமைக்கு 'அம்', மாதத்துக்கு 'இம்'. காலை, மாலைக்கும் அம்தான். இரவுக்கு மட்டும் 'இன் டேர் நஹ்ட்'.

வாக்கிய அமைப்பில்தான் எனக்கு உற்சாகம். சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தை விட்டு நகராது. 'ஆறு மணிக்கு எழுகிறேன்' என்பதை மணியில் தொடங்கினால் 'உம் ஸெக்ஸ் ஊர் ஷ்டேயெ இஹ் ஔஃப்'. வினையின் முன்பாதி 'ஔஃப்' பிரிந்து கடைசிக்குப் போய்விடுகிறது. 'வைல்' போட்டுக் காரணம் சொன்னாலோ மொத்த வினையும் ஒன்று சேர்ந்து கடைசியில் உட்காரும்: 'வைல் இஹ் உம் ஸெக்ஸ் ஊர் ஔஃப்ஷ்டேயெ'. 'நான் ஆறு மணிக்கு எழுவதால்' என்பதில் நம் வினை இருக்கும் அதே இடம். ஆங்கில வழியாக வருகிறவர்கள் இங்கே திணறுவார்கள். நமக்கு அது சொந்த வீடு.

அடுத்து தேதி. 'இன்று மே மூன்று' என்றால் 'டேர் ட்ரிட்டெ மை', 'மே மூன்றில்' என்றால் 'அம் ட்ரிட்டன் மை'. ஈறு மாறுகிறது. தினசரி காலண்டரில் தாள் கிழிக்கும்போது இரண்டையும் ஒருமுறை சொல்லிவிட்டுக் கிழிப்பது என்று ஏற்பாடு.