புதுக் கை: ஒரு பராமரிப்பு இல்ல நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

பதினாறு வருடம் தையல் இயந்திரத்தின் முன்னால் குனிந்தே கிடந்த முதுகு இன்று எட்டு மணி நேரம் நின்றது. முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் செவிலியர் உதவியாளராக முதல் நாள். பயிற்சி வகுப்பில் எல்லாவற்றையும் பொம்மையை வைத்துத்தான் பழகினோம். பொம்மைக்குக் குளிராது, கூச்சம் கிடையாது, துடைக்கும்போது நம் கையைத் தட்டிவிடாது.

என்னை மூத்த உதவியாளர் ஒருவரிடம் விட்டார்கள். நர்ஸ்கள் உட்பட எல்லோருக்கும் அவர் அக்கா. அதிகம் பேசாதவர். முதல் அறைக்குப் போனோம். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே படுத்திருந்த அம்மாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. 'வா' என்று சொல்லப் போவதில்லை. அக்கா கதவைத் தட்டினார். மூன்று எண்ணும் நேரம் நின்றார். பிறகுதான் காலை உள்ளே வைத்தார். நான் அதற்குள் கட்டிலருகே போய் நின்றிருந்தேன். என்னை வெளியே கூப்பிட்டு, மறுபடி தட்டிவிட்டு வரச் சொன்னார்.

நாற்றத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்பதால் எழுதிவிடுகிறேன். இருக்கிறது. அரை மணி நேரத்தில் மூக்கு பழகிவிட்டது. கைதான் பழகவில்லை. அழுக்கான விரிப்பை உதறக் கூடாது, கிருமி பறக்கும். அழுக்கு உள்ளே போகும்படி சுருட்டி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக் கூடையில் போட வேண்டும். எனக்கோ துணியைக் கையில் எடுத்தால் ஒரு உதறு உதறாமல் இருக்க முடியாது. இன்று மூன்று முறை உதறினேன். மூன்று முறையும் அக்கா பார்த்தார்.

மார்ச் 4, செவ்வாய்

கை கழுவினேன். மறுபடி கழுவினேன். ஒவ்வொருவரைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும், கையுறையைக் கழற்றிய பின்னும். கையில் அழுக்கு தெரியாவிட்டால் கிருமிநாசினித் திரவம் போதும். வயிற்றுப்போக்கு உள்ளவரிடமிருந்து வந்தால் சோப்பும் தண்ணீரும்தான், ஏனென்றால் சில கிருமிகளின் விதைகள் ஆல்கஹாலுக்கு அசைவதில்லை. மாலையில் விரல் இடுக்குகள் எரிந்தன. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 6, வியாழன்

சட்டை தைக்கத் தெரிந்தவளுக்குச் சட்டை மாட்டத் தெரியவில்லை.

நான்காம் அறை ஐயாவுக்கு இடது கை வராது. நான் அவருடைய நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டேன். பிறகு சட்டையில் மிச்சமிருந்த அகலத்துக்குள் வராத கையை வளைத்துத் திணிக்கப் பார்த்தேன். ஐயா சத்தம் போடவில்லை, கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார். அக்கா என் தோளைத் தொட்டு விலக்கினார். சட்டைக் கையின் மணிக்கட்டுப் பக்கமாகத் தன் கையை உள்ளே விட்டு, மறுமுனையில் ஐயாவின் விரல்களைப் பிடித்து, கை குலுக்குவது போலப் பிடித்தபடியே துணியை அவர் தோள்வரை ஏற்றினார். அப்புறம் நல்ல கை தானாகவே வளைந்து வந்துவிட்டது. உடுத்தும்போது வராத கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில். வளையக்கூடிய கைதானே குறுகிய இடத்தில் வளைய முடியும்? ஆயிரக்கணக்கான சட்டைக் கைகளைப் பொருத்தியவளுக்கு இது தானாகத் தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பழைய தொழில் கை கொடுத்தது. விரிப்பில் சுருக்கம் இருந்தால் என் கண் சும்மா இருக்காது. இங்கே அது அழகுக்காக இல்லை. நாள் முழுக்கப் படுத்திருப்பவரின் தோலுக்குக் கீழே ஒரு மடிப்பு, ஒரு பொத்தான், மறந்து விட்ட சீப்பு எதுவும் புண்ணாக மாறலாம். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிவிட வேண்டும். முழுக்க ஒருக்களிக்க விடாமல், முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் பாரம் விழாது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் காற்றில் நிற்கும்படி விட வேண்டும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துவிட்டு மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும், தேய்த்துவிடக் கூடாது. கருத்த தோலில் சிவப்பு தெரியாது; புறங்கையால் தொட்டு, சூடோ விறைப்போ இருக்கிறதா என்று பார்க்கிறார் அக்கா.

ஆளை மேலே நகர்த்தும்போதும் இழுக்கக் கூடாதாம். கீழே உள்ள விரிப்பை இருவர் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் படுக்கையோடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பும் சதையும் நகர்ந்துவிடும். லைனிங் ஒரு பக்கமும் மேல்துணி ஒரு பக்கமும் ஓடுவது போல. இதை மட்டும் எனக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. தூங்கினேன்.

மார்ச் 12, புதன்

நான்காம் அறை ஐயாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது. நாற்காலியை அவருடைய பலமான பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டு பிரேக்கும் போட வேண்டும், கால் வைக்கும் தட்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். எழுப்பியதும் நிற்க வைக்காமல், கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடமாவது உட்கார வைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். இடுப்பில் பட்டையைக் கட்டி அதைத்தான் பிடிக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு போய்விடும். எல்லாம் வரிசையாக நினைவிருந்தது. ஒரு பிரேக்கைத்தான் போட்டிருந்தேன். ஐயா உட்காரப் போகும் நேரத்தில் நாற்காலி அரை வட்டம் சுற்றியது. அக்காவின் முழங்கால் குறுக்கே வந்து அதை நிறுத்தியது. எவரும் விழவில்லை. இரவு இதை எழுதும்போதும் அந்த அரை வட்டம் கண்ணுக்குள் சுற்றுகிறது.

மார்ச் 17, திங்கள்

இந்த வாரம் மாலை ஷிப்ட். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் சிலருக்கு அமைதி போய்விடுகிறது. ஒன்பதாம் அறை ஐயா ஒரு காலத்தில் கிடங்குக் கணக்குப் பார்த்தவராம். மாலை ஐந்தரைக்குக் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "சரக்கு இறங்கிவிட்டது, கணக்கு எடுக்க ஆளில்லை, சாவி எங்கே?"

"ஐயா, நீங்கள் ஓய்வு பெற்று எவ்வளவோ வருடம் ஆயிற்று" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். அவர் முகத்தில் வந்த பீதியைப் பார்க்க முடியவில்லை. என் மணிக்கட்டில் நகம் பதிந்தது. அக்கா வந்தார். "சரக்கு வந்துவிட்டது ஐயா, எண்ணிக்கை மட்டும் சரிபார்த்துக் கொடுங்கள்" என்று துவைத்த துண்டுகளை மேசையில் கொட்டினார். ஐயா உட்கார்ந்தார். மடித்தார், எண்ணினார். "முப்பத்தாறு. இரண்டு கிழிசல்." அந்தக் கிழிசல்களை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மூச்சை எண்ணுவதற்கு ஒரு சிறு தந்திரம் உண்டு. எண்ணப் போகிறேன் என்று சொன்னால் அவர்களை அறியாமலேயே மூச்சை மாற்றிவிடுவார்கள். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. பதினான்கு பேருக்குப் பதினான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் மூன்று அழைப்பு மணிகள் அடித்துக்கொண்டிருக்கும். இந்த வாரம் நான்கு நாளாக எல்லோருக்கும் 18 என்று எழுதி வந்தேன். பார்த்தால் மூச்சு விடுகிறார்கள். 18 என்பது யாருக்கும் பொருந்தக்கூடிய எண்.

ஒன்பதாம் அறை ஐயா நேற்று மாலை கதவுகளை இழுக்கவில்லை. துண்டுகளைக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார். 'இன்றாவது நிம்மதியாக இருக்கிறாரே' என்று எனக்குச் சந்தோஷம். இன்று மதியம் நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நின்று எண்ணினார். 32. காய்ச்சல் இல்லை, இருமல்கூடப் பெரிதாக இல்லை. நுரையீரலில் தொற்று. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வயதானவர்களுக்கு இப்படித்தான் வருமாம்: காய்ச்சலுக்குப் பதில் தூக்கம், குழப்பம், சாப்பாடு இறங்காமல் போவது.

அட்டவணையில் நேற்றைய தேதிக்கு நேராக என் கையெழுத்தில் 18. நர்ஸிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எண்ண முடியாவிட்டால் காலியாக விடுங்கள். காலியிடத்தைப் பார்த்தால் நான் போய் எண்ணுவேன். 18 என்று பார்த்தால் போக மாட்டேன்." சம்பவ அறிக்கை எழுத வைத்தார். எழுதினேன்.

மார்ச் 22, சனி

பதினான்கு பேருக்கும் எண்ணினேன். தாமதமாகிவிட்டது. மூன்று பேரின் குளியல் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று, அவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம்தான். ஆட்கள் போதாத இடத்தில் எதைச் செய்தாலும் இன்னொன்று நழுவுகிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 31, திங்கள்

ஒன்பதாம் அறை ஐயா திரும்பி வந்தார். நடக்கவில்லை. தண்ணீர் இப்போது, புரையேறாமலிருக்க, கெட்டியாக்கும் பொடி கலந்துதான். நிமிர்ந்து உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. மாலையில் ஆறே ஆறு துண்டுகளைக் கொடுத்தேன். எண்ணவில்லை. கையை மட்டும் மேலே வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 5, சனி

இரவு ஷிப்ட். முதல் அறை அம்மா போய்விட்டார். இரண்டு நாளாகவே எதிர்பார்த்ததுதான். மூச்சு ஆழமாகிக்கொண்டே போய், பிறகு மெலிந்து, நின்றுவிடும், இருபது விநாடி, இருபத்தைந்து, மறுபடி தொடங்கும். பஞ்சுக் குச்சியை நனைத்து அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்தேன். கேட்கும் திறன் கடைசிவரை இருக்கலாம் என்று சொல்லியிருந்ததால், என்ன செய்தாலும் அதைச் சொல்லிவிட்டே செய்தேன். "வாயைத் துடைக்கிறேன் அம்மா. கையை மாற்றி வைக்கிறேன் அம்மா." மூன்றரைக்கு அடுத்த மூச்சு வரவில்லை.

டாக்டர் வந்து உறுதிசெய்து போன பிறகு, தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. தட்டினேன். என்னுடன் வந்த பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

பல்செட்டைப் பொருத்தினோம், பிறகு பொருத்துவது கடினமாம். தலையை வாரிவிட்டேன். வகிடு எந்தப் பக்கம் என்று கொஞ்சம் யோசித்தேன். இடது பக்கம்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஏழாம் அறை அம்மா எதற்கும் குறை சொல்பவர். தண்ணீர் சூடு போதாது, தலையணை உயரம் சரியில்லை, நான் பேசும் சத்தம் அதிகம். இன்று அவருக்குச் சட்டை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது என் கை தானாக அவர் தோளுக்குப் போயிற்று. தோள் தையல் எலும்பின் மேல் நிற்கவில்லை. இரண்டு விரல் கீழே, கைப்பக்கமாக இறங்கிக் கிடந்தது. இதே பச்சைச் சட்டையைப் போன மாதம் நானே மாட்டியிருக்கிறேன். அப்போது சரியாக நின்றது. துணி ஒரு மாதத்தில் வளராது.

தட்டைப் பார்த்தால் எப்போதும் முக்கால்வாசி காலியாகத்தான் திரும்புகிறது. கவனித்தேன்: சாப்பிடவில்லை, பக்கத்து மேசை அம்மாவின் தட்டுக்குத் தள்ளிவிடுகிறார்.

நர்ஸிடம் சொன்னேன். சட்டை தொளதொளக்கிறது என்று சொல்ல எனக்கே அபத்தமாகத்தான் இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

ஏப்ரல் 14, திங்கள்

போன மாதம் 52 கிலோ. இன்று 48.5. ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் போனாலே தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இது அதற்கும் மேல். வாயைத் திறந்து பார்த்ததில் கீழ்வரிசைப் பல்செட்டுக்கு அடியில் ஈறு உரசிப் புண்ணாகியிருந்தது. வலிக்கிறது என்று சொன்னால் பல்செட்டைப் பிடுங்கிக்கொள்வோம் என்று பயந்து, இரவிலும் கழற்றாமல் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் குறை சொல்பவர் இதற்கு மட்டும் சொல்லவில்லை.

பல் மருத்துவர் வருகிறார். அதுவரை மென்மையான உணவு, இரவில் பல்செட் தண்ணீரில். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும் என்பதையும், கழுவும்போது கை தவறினாலும் உடையாமல் இருக்கத் தொட்டியில் துண்டு விரிக்க வேண்டும் என்பதையும் அம்மாவே எனக்குப் பாடம் நடத்தினார்.

ஏப்ரல் 19, சனி

பச்சைச் சட்டையை அவர் விடுவதாக இல்லை. தோளிலிருந்து நழுவுகிறது, இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறார். நர்ஸிடம் அனுமதி வாங்கி, ஊசி ஒன்று, கத்தரி ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இடைவேளையில் கையாலேயே தைத்தேன். பக்கத் தையலில் பிடித்தால் ஒருக்களித்துப் படுக்கும்போது அழுத்தும். அதனால் முன்பக்கம் இரண்டு மடிப்பு, ஓட்டுத்தையல்.

"துணியை வெட்டிவிட்டாயா?" என்றார்.

"இல்லை அம்மா. உள்ளே மடித்துத்தான் வைத்திருக்கிறேன். எடை ஏறினால் பிரித்துவிடலாம்."

நம்பவில்லை. திருப்பிக் காட்டச் சொன்னார். சட்டையை உள்பக்கமாகத் திருப்பி மடியில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் நுனியால் தையலை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிப் பார்த்தார்.

"கோணல்" என்றார்.