கௌபி வேரில் கண்ட இளஞ்சிவப்பு

கடந்த மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவின் பின்பக்கம் பூக்கத் தொடங்கியிருந்த கௌபிச் செடியொன்றை வேரோடு பிடுங்கி, வாளித் தண்ணீரில் மண் போக அலசிப் பார்த்தேன். வேரெங்கும் குரக்கன் மணியளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் முடிச்சுகள் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் கீறியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அந்த ஈரம் விரல் நுனியிலும் பட்டது. இந்த முடிச்சுகளுக்குள் குடியிருக்கும் றைசோபியம் என்ற பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த நிறத்தைத் தருவது நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம். சோயா வேரில் உள்ள இதே வகைப் புரதத்தை மதுவத்தை (ஈஸ்ட்) கொண்டு உற்பத்தி செய்துதான் அமெரிக்காவின் இம்பாசிபிள் ஃபூட்ஸ் நிறுவனம் தன் தாவர இறைச்சிக்கு நிறமும் சுவையும் ஏற்றுகிறது.

நான்கு ஆண்டுகளாக இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்து வருகிறேன்: வீட்டில் மச்சத்தைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுவது, அந்த மரக்கறியில் இயன்ற பங்கை யூரியாவும் பூச்சி மருந்தும் இல்லாமல் நானே விளைவிப்பது. தொடக்கத்தில் இரண்டும் ஒரே காரியம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்து மணலில் ஊற்றும் தண்ணீரோடு சத்தும் சேர்ந்து கீழே இறங்கிவிடுகிறது. எரு இல்லாமல் ஒரு கத்தரிச் செடிகூட நிமிராது. ஆகவே கிண்ணியாவிலிருந்து மாட்டெரு ஏற்றிவரும் நானாவிடம் மூட்டை மூட்டையாக வாங்கினேன். “தங்கச்சி, எரு நல்லா ஆறாமப் போட்டுடாதீங்க, வேர் வெந்து போயிரும்” என்று முதல் நாளே அவர் சொல்லித் தந்தார். அந்த எருவைப் பாத்தியில் பரப்பும்போதுதான், இறைச்சியைத் தவிர்ப்பவளின் கத்தரிக்காயும் மாட்டை நம்பித்தான் காய்க்கிறது என்பது உறைத்தது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. மாடும் வயலும் நம் ஊர்களில் ஒன்றையொன்று தாங்கியே வாழ்ந்திருக்கின்றன. ஆயினும் எல்லாரும் இரசாயனம் போடாத சேதன மரக்கறிதான் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால் அவ்வளவு எருவுக்கு எங்கே போவது என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை.

அந்தக் கேள்வியை இலங்கை முழுவதுமே ஒருமுறை அனுபவித்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளையின் இறக்குமதி ஒரே அறிவித்தலில் நிறுத்தப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. தம்பலகாமத்தில் வயல் செய்யும் என் சித்தப்பாவுக்கு அந்தப் போகத்தில் வழக்கமான விளைச்சலில் பாதியும் தேறவில்லை. அவருக்குப் பசளை என்று விற்கப்பட்ட மூட்டைகளில் மக்காத குச்சியும் பொலித்தீன் துண்டும் கிடந்ததை நானே பார்த்தேன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன்; நன்றாக மக்கிய கூட்டெருவில் பெரும்பாலும் ஓரிரண்டு பங்குதான். பல்லாண்டுகளாக யூரியாவுக்குப் பழகிய வயலை ஒரு போகத்தில் திருப்பிவிட முடியாது என்று, தன் முற்றத்தில் நாலு பாத்தி போட்டுப் பார்த்த எவரும் சொல்லியிருப்பார்கள். சேதன விவசாயத்தை மனதார விரும்புகிறவள் என்பதாலேயே, அந்த அவசரம் அதன் பெயரைக் கெடுத்துவிட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் வளவில் எருத் தேவையைக் குறைத்தவை கௌபியும் பயறும் உழுந்தும், வேலியில் நின்ற சீமைக்கிளுவையும்தான். இவை எல்லாவற்றின் வேரிலும் அந்த நைதரசன் முடிச்சுகள் உண்டு. மாரி மழை ஓய்ந்து தை பிறந்ததும் விதைத்தால், கச்சான் காற்று தொடங்கி மண் சுடுவதற்குள் காய் பிடுங்கிவிடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: செடி சேர்த்த நைதரசனில் பெரும் பங்கு மணிக்குள் போய்விடுகிறது. காயையும் பறித்துக்கொண்டு செடியையும் பிடுங்கி எறிந்தால் மண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது. கொடியை அடியில் வெட்டி வேரை உள்ளேயே விட்டு, தண்டையும் இலையையும் அதே பாத்தியில் புதைக்க வேண்டும்.

மணி சமையலறைக்கு வருகிறது. காய்ந்த பயற்றில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. வாரத்தில் மூன்று காலைகளில் எங்கள் வீட்டில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் இடித்த சம்பலும்தான். மத்தியானத்தில் குத்தரிசிச் சோறு, கௌபிக் கறி, முருங்கையிலை வறை. வறையை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிகிறேன். இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க அந்தப் புளிப்பிலுள்ள விற்றமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும் என்பதால், அம்மாவின் ஐம்பது வருடப் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போட வைக்கப் பெரும்பாடு பட்டேன். விற்றமின் பி12 மட்டும் எந்த மரக்கறியிலும் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. பாலும் முட்டையும் சேர்க்காதவர்கள் மாத்திரையாகவோ அது சேர்க்கப்பட்ட உணவாகவோ அதை எடுத்தே ஆக வேண்டும். குறை நீண்டால் நரம்பையே தாக்கும் என்பதால், இயற்கை உணவு என்ற பெயரில் இதை மறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கடலோரத்தில் பிறந்தவள் நான். மீனை முழுதாக விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. சனிக்கிழமையில் கீரி மீனோ நெத்தலியோ வாங்குகிறேன். இறைச்சியைத்தான் அறவே நிறுத்தினேன். உலகில் மனிதரால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் நூற்றுக்கு 14.5 பங்கு கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2013இல் கணக்கிட்டது. பசளையின் கணக்கும் சிறியதல்ல: நைதரசன் மிஞ்சிய மண்ணிலிருந்து, யூரியா போட்டாலும் எரு போட்டாலும், எழும் நைதரசு ஒட்சைட்டு, எடைக்கு எடை காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மிச்சம் மழையோடு வாய்க்காலில் இறங்குகிறது. மகாவலியும் தன் நெடுவழி வயல்களின் கழிவைச் சுமந்து வந்து நம் கொட்டியாரக்குடாவில்தான் கலக்கிறது. நான் சனிக்கிழமை வாங்கும் மீனும் அந்தத் தண்ணீரை அண்டியே வாழ்கிறது.

நேற்று கடைசிக் காய்களையும் பறித்துவிட்டு, கொடிகளை அடியில் வெட்டி அதே இடத்தில் புதைத்தேன். இரண்டு வாரம் ஆறவிட்டு அந்தப் பாத்தியில் கத்தரி நாற்று வைக்க இருக்கிறேன். சென்ற முறை மூன்று மூட்டை எரு கேட்ட பாத்திக்கு இம்முறை ஒன்று போதும் என்று நானாவிடம் சொல்லியிருக்கிறேன்.