ரெண்டாவது கியர் போதும்

நான் ஆட்டோகிராஸ் ஓட்டுகிறேன் என்று தெரிந்த பிறகு, கடைக்கு வருகிற ஆட்கள் பில் போடுவதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: "எவ்ளோ புடிச்ச?" அறுபது கிலோமீட்டர் வேகம் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. காட்பாடி மேம்பாலத்தில் ஷேர் ஆட்டோவே அதற்குப் பக்கத்தில் போகிறதே என்ற நினைப்பு கண்ணிலேயே தெரியும். அந்த அறுபதுக்குள்தான் எல்லாம் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டோகிராஸ் என்றால் திறந்த மைதானத்தில் கோன் வைத்து ஒரு பாதை போடுவார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் மண் தரை, சில இடங்களில் தார் அல்லது கான்கிரீட். ஒருவர் பின் ஒருவராக ஓட்ட வேண்டும், எதிரி கடிகாரம்தான். கோனைத் தட்டினால் நேரத்தில் நொடிகள் கூடும். அமெரிக்காவில் சோலோ என்ற பெயரில் நடத்துகிறவர்கள் ஒரு கோனுக்கு 2 நொடி சேர்ப்பார்கள். இங்கே நடத்துகிறவரைப் பொறுத்து அது மாறும். பாதையையே தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. முதல் கியரில் கிளம்பி ரெண்டாவதுக்கு மாற்றிய பிறகு லிவரைத் தொடுகிற வேலையே அநேகமாக இருக்காது. ஒரு நிமிடத்துக்கு முன்பின் முடிந்துவிடும். இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

கார் ஓட்டக் கற்க இதைவிடப் பத்திரமான, செலவு குறைந்த வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. தப்பு செய்தால் சாய்வது ஒரு பிளாஸ்டிக் கோன். மண்டை உடையாது, பம்பரும் உடையாது.

என்னைப் பற்றி: வேலூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கார் பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.2 லிட்டர். வாரநாட்களில் அது ராணிப்பேட்டைக்கும் குடியாத்தத்துக்கும் ஆயில் ஃபில்டர் பெட்டி ஏற்றிப் போகும். ரேஸ் காரென்று அதில் எதுவும் இல்லை, என் அக்கா பையன் பின்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரைத் தவிர. இந்தப் பித்தை எனக்கு ஏற்றியவர்கள் கல்லூரிப் பையன்கள். காட்பாடி விஐடியில் ஃபார்முலா ஸ்டூடன்ட் கார் கட்டுகிற அணி இருப்பது வேலூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. கோவையில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டியில் மாணவர்கள் தாங்களே கட்டிய காரை 75 மீட்டர் நேர் ஓட்டம், எட்டு போடுகிற ஸ்கிட்பேட், 22 கிலோமீட்டர் எண்டியூரன்ஸ் என்று ஓட்டிக் காட்ட வேண்டும்; ஆட்டோகிராஸும் அதில் ஒன்று. போல்ட் வாங்க வந்த ஒரு மாணவன் கவுண்டரில் கிடந்த நட்டுகளை வரிசையாக வைத்து, ஸ்லாலம் என்றால் என்ன என்று அவற்றுக்கு நடுவே விரலை வளைத்து வளைத்து ஓட்டிக் காட்டினான். அன்றைக்குப் பிடித்தது.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் டயரைக் கதறவிட்டு ரீல்ஸ் போடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. எனக்கு அவர்கள் மேல் மரியாதை இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் வருகிறதா, பலாப்பழம் ஏற்றிய டெம்போ வருகிறதா, ரெண்டு பிள்ளைகளை உட்கார வைத்த ஸ்கூட்டர் வருகிறதா, தெரியாது. தெரியாத இடத்தில் காரின் எல்லையைத் தேடக் கூடாது. கோன் மைதானத்தில் தேடலாம், ட்ராக்கில் தேடலாம். நடுவில் வேறு இடம் இல்லை.

சரி, கோனுக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் செய்யாமல் விடுகிற வேலை பாதையை நடந்து பார்ப்பது. ஓட்டம் தொடங்கும் முன் அதற்கென்று நேரம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நின்றிருக்கும் கோனுக்குப் பக்கத்தில் ஒரு கோன் படுத்திருந்தால், அதன் நுனி நிற்கிற கோனைக் காட்டும். படுத்த கோன் இல்லாத பக்கமாகத்தான் நீங்கள் போக வேண்டும். இது தெரியாமல் உட்கார்ந்தால் முன்னே தெரிவது வெறும் ஆரஞ்சுக் காடு. நான் நடக்கும்போது அங்கங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பேன், ஸ்விஃப்ட் சீட்டில் கண் இருக்கிற உயரத்துக்கு. நின்றால் தெளிவாகத் தெரிகிற இடைவெளி, உட்கார்ந்து பார்த்தால் மூடிக்கொண்டுவிடும். எங்கே ஜல்லி உதிர்ந்து கிடக்கிறது, எங்கே தரை வெளிப்பக்கம் சாய்கிறது என்பதெல்லாம் காலுக்குத்தான் தெரியும்.

அப்புறம் கண். கார் கண் போகிற பக்கம்தான் போகும். இடிக்கக் கூடாது என்று ஒரு கோனையே முறைத்துப் பார்த்தால் அதையே இடிப்பீர்கள். ஒரு கோனைத் தாண்டுவதற்குள் பார்வை அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் போயிருக்க வேண்டும். ஸ்லாலத்தில் இது பழகும்வரை ஸ்டீயரிங் எப்போதும் ஒரு கோன் தாமதமாகவே திரும்பும்.

அக்கா பையன் ஒரு ஓட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். முடிந்ததும், "இன்னா மாமா, திருப்புறதுக்கு முன்னாடியே பிரேக்க வுட்டுட்ட?" என்றான்.

"முன் டயருக்கு ரெண்டு வேலை குடுத்தா அது எதையும் உருப்படியா செய்யாதுடா."

விஷயம் அவ்வளவுதான். ஸ்விஃப்ட் முன்சக்கர இழுவை வண்டி. நிறுத்துவது, திருப்புவது, இழுப்பது மூன்றும் அந்த ரெண்டு முன் டயர் தலையில். வேகமாக நுழைந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி மூக்கைத் தள்ளிக்கொண்டு நேராகப் போகும். அண்டர்ஸ்டீயர் என்பது இதைத்தான். உடனே கை இன்னும் திருப்பப் பார்க்கும், கால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிக்கப் பார்க்கும். ரெண்டும் நிலைமையை மோசமாக்கும். காலைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும். நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துக்கொள்வது முதல் பாடம். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே திரும்புவது அடுத்த பாடம். அதில் காலை எடுக்கிற விதம், இடுப்பில் நிறைகுடத்தோடு படி இறங்குகிறவர் பாதம் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். பட்டென்று எடுத்தால் முன்னால் இருந்த பாரம் பின்னால் ஓடும், வண்டி உதறும்.

டயருக்கு நான் செய்வது ஒரு சாக்பீஸ் வேலை. ஓட்டத்துக்கு முன்னால் டயரின் ஓரத்தில், தரையில் படுகிற பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், குறுக்கே கோடு போடுவேன். ஓடிவிட்டு வந்து பார்த்தால் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று தெரியும். பக்கச்சுவர் வரை இறங்கி அழிந்திருந்தால் காற்று குறைவு, டயர் மடிகிறது. பட்டன் ஓரத்தில்கூடக் கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். காற்றைக் குளிர்ந்த டயரில் ஒரு தடவை, இறங்கியவுடன் சூட்டில் ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். ட்ராக்கில் ஓடிவிட்டு வந்தால் 5, 6 பி.எஸ்.ஐ ஏறியிருப்பது சகஜம். பங்கில் தொங்குகிற மீட்டரை நம்ப வேண்டாம், சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். இந்த விளையாட்டில் நான் வாங்கிய முதல் சாமான் அதுதான்.

கோனில் கை பழகிய பிறகு ட்ராக். வேலூர்க்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம்: இருங்காட்டுக்கோட்டை நம் வாசலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், நேர் ஹைவே. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்துக்குப் பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய ட்ராக் அது. 1990ல் திறந்தது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். விடியுமுன் கிளம்பினால் காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் வெளிச்சம் வரும். வாலாஜாவைத் தாண்டிய பிறகு பாலம் வேலைக்காகத் திருப்பிவிட்டிருந்தால் அதற்கும் கூடுதலாக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முன்னால் விதிகளைச் சொல்கிற ட்ரைவர்ஸ் பிரீஃபிங்கைத் தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

ட்ராக் டே என்றால் சொந்தக் காரை ட்ராக்கில் ஓட்ட விடுகிற நாள், பந்தயம் அல்ல. யாரும் பரிசு தருவதில்லை. குழு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு 15, 20 நிமிடம் விடுவார்கள். முந்துவது நேர்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டினால். கொடிகளை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்: மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு (வண்டிகள் நிற்கும் இடத்துக்கு) வா, நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி, மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தரை வழுக்கும். நமக்குப் பின்னால் பெரிய வண்டி வந்தால் வழிவிடுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஸ்விஃப்ட்டில் போனால் அது நிறையவே பழகும்.

இப்போது பிரேக் ஆயில். இதை நான் விற்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன்.

வேகம் ரெண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. ஊருக்குள் 60லிருந்து நிறுத்திப் பழகிய பிரேக் பேடு, ட்ராக்கில் 120லிருந்து, சுற்றுக்குச் சுற்று, ஆற நேரம் இல்லாமல் நிறுத்த வேண்டும். அந்தச் சூடு, பேடை அழுத்துகிற காலிப்பர் வழியாக ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 4 என்கிற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரையறை 155 டிகிரிதான். கொதித்தால் லைனில் குமிழி வரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. கார் வாங்கியதிலிருந்து பிரேக் ஆயிலே மாற்றாதவர்கள் என் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல். அந்த ஆயிலோடு கடைக்கு வந்து போகலாம், ட்ராக்குக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. நம்பர் பெரிதாக இருந்தால் நல்லது என்று டாட் 5 கேட்டு வருகிறார்கள். அது சிலிகான் ஆயில், நம் வண்டி ஆயிலோடு சேராது. வேண்டுமானால் டாட் 5.1, அது 4ன் குடும்பம்தான். ஆனால் ஆரம்பத்தில் சீல் உடைக்காத புது டாட் 4 டப்பாவே போதும். எக்ஸாஸ்ட், ஸ்பிரிங், ஏர் ஃபில்டர் என்று பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் ஆயில், பேடு, டயர். பணம் மீந்தால் இன்னொரு ட்ராக் டேக்குக் கட்டுங்கள். என் கடையில் அந்த எக்ஸாஸ்ட் குழாய்களும் விற்பனைக்கு உண்டு, இருந்தாலும் சொல்கிறேன்.

போவதற்கு முந்தின இரவு வண்டியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் எல்லாம் ட்ராக்குக்குள் போகும் முன் இறக்கிவைக்க வேண்டும், திரும்பி வர அதே காரில்தான் வரவேண்டும் என்பதால் வீட்டில் விட்டுவிடவும் கூடாது. தரை மேட்டை எடுங்கள். சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். என் வண்டியில் பெண்ணின் ஸ்கூல் தண்ணீர் பாட்டில் கிடந்தது. பிரேக் அடிக்கும்போது அது உருண்டு பெடலுக்கு அடியில் போனால் என்ன ஆகும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும். பேட்டரி கிளாம்ப் ஆடுகிறதா, வீல் நட் இறுக்கமா என்று பார்ப்பார்கள், நீங்களே முதலில் பாருங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, தடிமனில்லாத அடி வைத்த ஷூ, முகம் முழுக்க மூடும் ஹெல்மெட். பைக் ஹெல்மெட் ஒப்புக்கொள்வார்களா என்று முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். காருக்கென்றே வருகிற ஸ்னெல் எஸ்.ஏ என்ற தரச்சான்று வகையைத் தீக்கும் சேர்த்துச் சோதிக்கிறார்கள், பைக் வகையை அப்படிச் சோதிப்பதில்லை.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனைக்குப் பயன்படுத்தினால் பொருந்தாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அதாவது உள்ளே சுவரில் சாய்த்தால் செலவு உங்களுடையது. உடைந்தால் கட்டிக்கொள்ள முடியாத காரோடு போகாதீர்கள். பழைய ஸ்விஃப்ட்டை நான் விடாமல் வைத்திருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிக் காரணத்தை என் மனைவியிடம் கேட்டால் கஞ்சத்தனம் என்பாள்.

கத்திரி வெயிலில் போக வேண்டாம். நான் போவது மழை ஓய்கிற டிசம்பர், ஜனவரி. கடைசிச் சுற்றைப் பிரேக்கே அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள், எல்லாம் ஆறட்டும். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

திரும்பும்போது சாவியை அக்கா பையனிடம் கொடுத்துவிட்டேன். ட்ராக்கில் இருந்து நேராக ஹைவேக்கு வந்தால் எண்பது நாற்பது மாதிரித் தெரியும், அந்த மயக்கம் அடங்கும்வரை ஓட்டாமல் இருப்பது நல்லது. மறுநாள் நம்ம மெக்கானிக் பாய் முன் சக்கரத்தைக் கழற்றிப் பேடை விரலால் தடவிப் பார்த்தார். டிஸ்க் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. "இன்னும் ஒரு தபா தாங்கும் சேட்டு, அப்பால மாத்திரு" என்றார். பின்னால் டிரம், அதில் ஒன்றுமே ஆகவில்லை. முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு செட் எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன்.