உளுந்து நிறைந்த மே மாதம்

பருப்புக் கிட்டங்கியில் மேற்பார்வை பார்க்கிறவனுக்கு மே மாதம் வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை அறுவடையாகும் உளுந்து பர்மாவின் பெகு பக்கமிருந்தும் ஐராவதி ஆற்று டெல்டா பக்கமிருந்தும் வந்து இறங்க, ரங்கூன் பாயின்னவுங் சந்தையைச் சுற்றியுள்ள கிட்டங்கிகள் கூரை முட்ட நிற்கும். பெரும்பாலும் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டிய சரக்கு. வங்கக் கடலில் மழைக்காலத்துக்கு முந்தைய புயல்கள் கிளம்புவதும் சரியாக இந்த நேரத்தில்தான்.

2023 மே மாதம் மோக்கா புயல் உருவானபோது எல்லோரும் கைபேசியில் காற்றின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். எங்கள் தொழிலுக்கு அதுதான் முக்கியம். கடல் தள்ளியிருந்தாலும் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், லைங் ஆறு வழியாக எங்கள் கொல்லை வரை ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ரங்கூன் துறைமுகத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 18 அடிக்கு மேல் வித்தியாசம் வரும். பிறை பாதியாக இருக்கும் நாட்களில் அதில் பாதிகூட இருக்காது. புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர் எந்த ஏற்றத்தின் மேல் வந்து உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் நமக்கு ஆபத்து. மோக்கா கரையேறும் நாள் என்று சொல்லப்பட்ட மே 14 அன்று அமாவாசைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அது ஒரு ஆறுதல். ஆனால் 2008 மே 2ஆம் தேதி நர்கீஸ் புயல் வந்தபோது அமாவாசைக்கு மூன்றே நாள்தான்.

வானிலைத் துறை இங்கே நிறம் சொல்லி எச்சரிக்கும். புயல் உருவாகிவிட்டால் மஞ்சள், நம் கரை நோக்கித் திரும்பினால் ஆரஞ்சு, நெருங்கிவிட்டால் சிவப்பு, கரையேறி அடித்துக்கொண்டிருந்தால் பழுப்பு, ஆபத்து நீங்கினால் பச்சை. ஆரஞ்சு என்றதும் நாங்கள் வேலையைத் தொடங்கிவிடுவோம்.

பலரும் நினைப்பதுபோல ஆற்றுத் தண்ணீர் கரையைத் தாண்டித்தான் வரும் என்றில்லை. ஏற்றத்தின்போது சாக்கடையின் வாய் ஆற்று மட்டத்துக்குக் கீழே போய்விடும். அந்த நேரம் மழையும் பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னுக்கு வரும். முதலில் கரப்பான்பூச்சிகள் சாக்கடைக் கம்பி இடுக்கில் கூட்டமாக வெளியேறிச் சுவரில் ஏறும். அப்புறம் குமிழி. அப்புறம் ஆகாயத்தாமரைத் துண்டு மிதக்கும் கறுப்புத் தண்ணீர். கரப்பான் ஏறுவதைக் கண்ட பிறகு மூட்டையைத் தூக்க ஆரம்பித்தால் ஒன்றும் நடக்காது.

நனைந்த உளுந்து ஊறிப் பருத்து, சாக்கின் தையலைப் பிரித்துக்கொண்டு கொட்டும். அந்தக் கோடைப் புழுக்கத்தில் மறுநாளே புளித்த வாடை. அடி வரிசை ஊறினால் மேல் வரிசைகள் சாயும். ஆள் நின்றால் ஆள்மேல் விழும். அதனால் கொல்லைக் கதவுப் பக்கத்து அட்டியை, அதாவது மூட்டை அடுக்கை, முதலில் பிரித்து, செங்கல் வைத்து அதன்மேல் இரட்டைப் பலகை போட்டு மறுபடி அடுக்குவோம். தகரக் கூரைமேல் மணல் மூட்டை ஏற்றுவோம். கணக்குப் புத்தகங்கள் மாடிக்குப் போய்விடும்.

இவ்வளவும் செய்கிற லோடு ஆட்களின் வீடு எங்கே இருக்கிறது? பாலத்துக்கு அந்தப் பக்கம், லைங்தாயாவில். பள்ளமான நிலம், மூங்கில் தட்டி வீடுகள். நர்கீஸில் டெல்டாவில் எல்லாவற்றையும் இழந்து ரங்கூன் வந்த குடும்பங்கள் பல அங்கேதான் குடியேறின. எங்களிடம் வேலை பார்க்கும் போகலே ஊர்க்காரர் அப்படி வந்தவர். நர்கீஸில் 12 அடி உயரத்துக்கு எழுந்த கடல், டெல்டாவின் தட்டை நிலத்தில் தடுப்பாரின்றி ஏறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து 1,38,000 பேருக்கு மேல். அவருடைய மனைவியும் அம்மாவும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அதைப் பற்றி அவர் பேசமாட்டார். புயல் செய்தி வந்தால் அடிக்கொரு தரம் கொல்லைப் பக்கம் போய், ஆறு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வருவார். அவ்வளவுதான்.

மோக்கா வந்தபோது முதலாளியிடம் போய், "ஐயா, காலையில் நம்ம மூட்டை, மத்தியானம் அவங்க வீடு. ஒரு நாள் கூலி முழுசா கொடுத்திடுவோம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். சரக்கின் மதிப்பு அவருக்குத் தெரியும். வங்கிக் கடனும் அவர் பெயரில்தான். "சரி, தார்ப்பாய் மிச்சமிருந்தா அதையும் கொடுத்தனுப்பு" என்றார். எத்தனையோ முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு என்றும் மரியாதை உண்டு. வீட்டைக் கட்டி வைத்துவிட்டு வந்தவர்கள் ராத்திரிக் காவலுக்குத் தாங்களாகவே நின்றார்கள்.

புயல் எங்கள் பக்கம் வரவில்லை. மே 14 மதியம் பர்மாவின் மேற்கே அரக்கான் கரையில், சிட்வே நகருக்கு அருகே ஏறியது. எங்களுக்கு மழையும் கொஞ்சம் காற்றும்தான். சந்தையில் சிலர் "தப்பிச்சோம்" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு அந்தத் தேநீர் இறங்கவில்லை. எங்கள் ஆட்களில் சிட்வேக்காரப் பையன் ஒருவன் வாசலில் உட்கார்ந்து அக்காவுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டிருந்தான், இணைப்பே கிடைக்கவில்லை. அரசு சொன்ன கணக்கே 145 உயிர். அதில் பெரும்பாலோர் தாழ்வான கரையோர முகாம்களில் அடைபட்டிருந்த, சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்யா மக்கள்.

மறுநாள் காலையிலேயே அட்டியை இறக்கி இடம் ஒழிக்கலாமே என்று கேட்டார்கள். புதுச் சரக்கு லாரியில் நின்றது, கேட்டதில் நியாயம் இருக்கிறது. 19ஆம் தேதி அமாவாசை ஏற்றம் கழியட்டும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. போகலேக்காரர் ஏற்கெனவே அடுத்த அட்டிக்குச் செங்கல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சிட்வே பையனின் அக்கா உயிரோடு இருக்கிறார், வீட்டுக் கூரைதான் போய்விட்டது என்று சில நாளில் தகவல் வந்தது. முன்பணமும் இரண்டு தார்ப்பாயும் கொடுத்து அவனை ஊருக்கு அனுப்பினோம்.