பூம்பாறையில் பென்சில் இல்லாமல்

கொடைக்கானல் ஏரியை எத்தனை முறை வரைந்திருக்கிறேன் என்று நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முன்னால் படகுத்துறை, நடுவில் வெளிர்நீலத் தண்ணீர், பின்னால் மரங்களைப் பாதி மறைக்கும் மூடுபனி. சீசனில் மலைக்கு வருகிறவர்கள் கேட்பதும் இதைத்தான், என் கை கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் இதைத்தான். அந்த மூடுபனிக்கு ஒரு சூட்சுமம் உண்டு. வண்ணம் காய்வதற்குள் மடித்த துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால் மரங்களின் அடிப்பாகம் புகைபோலக் கரைந்துவிடும். வாங்குகிறவர்கள் அந்த இடத்தைத்தான் வியந்து பார்ப்பார்கள். பத்து ஆண்டுகளாக ஒரே இடத்தில் துணியை ஒற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கே.சி.எஸ். பணிக்கரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், நீர்வண்ண இயற்கைக் காட்சிகளில் பெயர் வாங்கியவர். அதை வைத்தே கடைசிவரை நிம்மதியாக ஓட்டியிருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1963இல், எழுத்துகளும் கட்டங்களும் நிறைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையைத் தொடங்கினார். கைக்கு நன்றாக வந்துகொண்டிருந்ததை அவர் விட்டார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சென்ற நவம்பரில், மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், கொடைக்கானலுக்குப் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறைக்குப் போனேன். ஊருக்கு மேலே சாலையோரத்தில் நின்றால் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள் முழுவதும் தெரியும். பென்சிலையும் ஒற்றும் துணியையும் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டேன். கையில் இருந்தவை அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா பழுப்பு ஆகிய இரண்டு வண்ணங்களும், முழுத் தாளை நான்காகக் கிழித்த துண்டுகளும் மட்டுமே. தாள் முழுவதையும் நனைத்துவிட்டு அதன்மேல் நேரடியாக வண்ணத்தை இறக்குவது என்று முடிவு செய்திருந்தேன்.

வீட்டில் பத்து நிமிடத்தில் காயும் தாள், மேகம் தரையில் தவழும் அந்த இடத்தில் முக்கால் மணி நேரம் ஆகியும் காயவில்லை. முதல் மூன்று தாள்களில் வயலும் வானமும் ஒன்றாகக் கலந்து வெறும் சேறாயின. பூண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற பாட்டி ஒருவர், “என்ன தம்பி, எங்க காட்டையே காணோம், வெறும் மேகமால்ல இருக்கு?” என்றார். “இன்னும் காயல பாட்டி” என்று சமாளித்தேன். காய்ந்த பிறகும் அது மேகமாகத்தான் இருந்தது.

நான்காவது தாளில், பாதி காய்ந்த இடத்தில் தூரிகையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தவறி விழுந்தது. நீர்வண்ணம் பழகிய எவரும் அஞ்சும் விபத்து இது: புதிய ஈரம் பழைய வண்ணத்தை வெளியே தள்ள, அது ஓரத்தில் பூக்கோசு விளிம்பைப்போல நெளிந்து படிந்துவிடும். வழக்கமாக இருந்தால் துணி அங்கே போயிருக்கும். துணி இல்லாததால் வேறு வழியின்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெளிந்த விளிம்பு ஒரு வயல் வரப்பாக நின்றது. அதற்குக் கீழே தாளின் குழிகளில் திட்டுத்திட்டாகத் தங்கிய நீலம், நனைந்த மண்ணின் சொரசொரப்பைத் தானாகவே கொண்டுவந்திருந்தது. என் கை அப்படி ஒரு கோட்டை ஒருபோதும் போட்டிருக்காது. அடுத்த தாள்களில் சொட்டுகளை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவை குப்பைக்குத்தான் போயின.

இதற்கிடையில், வழக்கமாக ஏரிப் படங்கள் வாங்கும் விடுதிக்காரர் ஒருவரிடம் நான்காவது தாளைக் காட்டினேன். “பழையபடியே போடுங்க சார்” என்றார். போட்டுக் கொடுத்தேன், வீட்டு வாடகைக்கு அது வேண்டியிருந்தது.

ஆனால் வேறொன்று பிறகுதான் உறைத்தது. அல்ட்ராமரைன் தாளில் ஆழமாக ஊறாத வண்ணம். காய்ந்த பின்னும் ஈரத் தூரிகையால் பெரும்பகுதியைத் துடைத்தெடுத்துவிடலாம். துணிந்து இறங்கியதாக நான் நினைத்துக்கொண்டிருந்த அன்றுகூட, திரும்பிவரும் வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறேன். தாலோ நீலம் அப்படியல்ல, பட்ட இடத்தில் கறையாக ஊறிவிடும். திறக்காத குழாய் ஒன்று மூன்று ஆண்டுகளாக என் பெட்டியில் கிடந்தது. நேற்று அதன் மூடியைத் திருகித் திறந்து வைத்திருக்கிறேன். மழை விட்டால் வியாழக்கிழமை பூம்பாறைக்கு முதல் பேருந்து.