எண்ணெய் முடிந்த இடத்தில் படம் முடியும்

ஜெனறேற்றர் முதலில் ஒரு தடவை இருமும். யாரும் அசையமாட்டோம். இரண்டாவது இருமலில் ரீவிக்குள் இருப்பவர்கள் நாலு பக்கமும் சுருங்குவார்கள். சிவாஜி என்றாலும் சரி, ரஜினி என்றாலும் சரி, தீப்பெட்டி அளவுக்கு வந்துவிடுவார்கள். மூன்றாவது இருமலோடு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும். அந்தப் புள்ளியும் அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எழும்புவோம்.

"எண்ணெய் முடிஞ்சுது. எல்லாரும் வீட்டை போங்கோ" என்று அண்ணை முற்றத்திலிருந்து சொல்லுவார். காசு திரும்பக் கிடைக்காது.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவில் இருக்கும் தம்பி தொலைபேசி எடுத்து, "அண்ணை, சங்க விருந்துகளிலை நீங்கள் படங்களைப் பற்றிக் கதைக்கிறதை அப்படியே எழுதித் தாங்கோ" என்று கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வெள்ளைப் புள்ளிதான். நான் விமர்சகன் அல்ல. ஒளிப்பதிவு, திரைக்கதை என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்து பார்ப்பவன். ஒரேயொரு குறைபாடு: எந்தப் படத்தின் முடிவையும் நான் முழுதாக நம்புவதில்லை. ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்லவேண்டும்.

1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. நான் உயர்தரம் எடுத்த 1995 ஆகஸ்ட் வரைக்கும் அது திரும்பி வரவில்லை. அப்பாவின் காலத்துக் கதைகளில் வின்சர், வெலிங்டன், ரீகல், ராஜா, மனோகரா என்று தியேட்டர்கள் வரிசையாக வரும். எங்கள் காலத்துக்கு வந்தது கல்லூரிக்குப் பின் ஒழுங்கையில் ஓர் அண்ணையின் வீட்டு விறாந்தை. ஒரு ரீவி, ஒரு வீடியோ டெக், ஏழெட்டுப் படக்கொப்பிகள், முற்றத்து மாமரத்தடியில் ஒரு சின்ன ஜெனறேற்றர். பெற்றோல் தங்கத்துக்குச் சமம் என்பதால் ஊசியால் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஓடத் தொடங்கியதும் வளவு முழுக்கக் கரும்புகையும் மணமும். இன்றைக்கும் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பழைய ட்ரக் பக்கத்தில் நின்றால் எனக்குப் படம் தொடங்கப்போவதுபோல இருக்கும்.

சனிக்கிழமை ரியூசன் முடிய ஓடுவோம். ஆளுக்குப் பத்து ரூபா. யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருப்பார்கள். முன்னுக்குப் பாய், பின்னுக்கு வாங்கு. கதிரை வீட்டுக்காரருக்கு மட்டும். ஒரு படத்துக்கு இவ்வளவு எண்ணெய் என்று அண்ணை ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்தக் கணக்கு பெரும்பாலும் கடைசி இருபது நிமிடத்தில் பிழைக்கும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் தமிழ் சினிமா பார்த்தோம். தலை உண்டு, உடம்பு உண்டு, வால் இல்லை.

அதில் இன்றுவரை மறக்காதது 'அந்த நாள்'. 1954இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், எஸ். பாலச்சந்தர் இயக்கியது. "சிவாஜி படம்" என்று சொல்லித்தான் அண்ணை போட்டார். தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம், சிவாஜி விழுந்து செத்துப்போகிறார். பின் வாங்கில் இருந்தவன், "அண்ணை, கொப்பியை மாறிப் போட்டிட்டியள், இது கடைசிக் கட்டம்" என்று கத்தினான். இல்லை, அதுதான் தொடக்கம். கதாநாயகனை முதலிலேயே கொன்றுவிட்டு, கொன்றது யார் என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார்கள். மனைவி, தம்பி, தம்பி மனைவி, இன்னொரு பெண், பக்கத்து வீட்டுக்காரர். ஆளாளுக்கு ஒரு கதை சொல்ல, அதே கொலை வேறுவேறு மாதிரி நடக்கிறது. கதை நடப்பது ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943இல். மெட்ராஸ் சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுவதைப் பற்றிப் படத்தில் கதைத்தபோது எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இது நமக்குத் தெரிந்த விசயமாச்சே என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

இடையில் ஒரு சண்டை வேறு. ஒரு மணித்தியாலம் போயும் ஒரு பாட்டுக்கூட வரவில்லை. எண்ணெயை மிச்சம் பிடிக்க அண்ணை பாட்டுகளை எல்லாம் ஓடவிட்டுவிட்டார் என்று பின் வாங்கு முடிவெடுத்து, "பாட்டைப் போடு" என்று தட்டத் தொடங்கியது. மனுசன் சத்தியம் பண்ணினார், ஒருவரும் நம்பவில்லை. அந்தப் படத்தில் பாட்டே இல்லை என்பது எனக்குக் கனடா வந்த பிறகுதான் தெரியும். அண்ணையிடம் இந்த மலர் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

துப்பறிபவர் எல்லாரையும் கூட்டி வைத்துக் கதைக்கும் நேரம். முதலாவது இருமல். இரண்டாவது. புள்ளி.

திங்கட்கிழமை வகுப்பில் பெரிய பட்டிமன்றம். இரசாயனப் பாடத்துக்கு முன்னர் யாரோ கரும்பலகையில் ஐந்து பெயர்களையும் எழுதி, வாக்கெடுப்பு நடத்தி, கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். சேர் வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார். உஷா, பட்டாபி, ஹேமா, அம்புஜம், சின்னையா. அடி நிச்சயம் என்று நினைத்தோம். அவர் டஸ்டரை எடுத்துக்கொண்டு, "ஓ... அந்த நாள்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. அதுவரை அவர் சிரித்து நாங்கள் கண்டதில்லை.

"சேர், ஆர் சேர் கொண்டது?"

"சோதினை முடியட்டும். சொல்லுறன்."

ஆகஸ்டில் சோதினை முடிந்தது. ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்க, யாழ்ப்பாண நகரும் சுற்றுப்புறமுமான வலிகாமமே எழும்பி நடந்தது. சேர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். சாவகச்சேரி போகும் வழியில், மழைக்குள், தலையில் பையோடு நின்ற நெரிசலில் என் பக்கத்தில் வந்த நண்பன் கேட்டான்: "மச்சான், அந்த மனிசன் கடைசிவரைக்கும் சொல்லேல்லைத்தானே?"

சரி, மற்றப் படங்களுக்கு வருவோம்.

நகைச்சுவைப் படத்துக்கு முடிவு தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. 'காதலிக்க நேரமில்லை'யை மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் கடைசிப் பகுதி இல்லை, ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஜெனறேற்றர் சத்தத்தில் பாதி வசனம் கேட்காது. அப்படியிருந்தும் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் கட்டத்தில் விறாந்தையே குலுங்கும். கதவு கிறீச்சிடுவதற்கும் காலடிக்கும் நாகேஷ் வாயாலேயே சத்தம் போடுகிறார். ஆனால் நான் பார்ப்பது பாலையாவை. அவர் ஒன்றும் செய்யவில்லை, வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் அலட்சியம், பிறகு ஒரு சின்னச் சந்தேகம், பிறகு கண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, துண்டைப் பிடித்த கை நடுங்கி... சத்தம் கேட்காமல் பார்த்தாலும் சிரிப்பு வரும் என்பதற்கு நானே சாட்சி. இன்றைய நகைச்சுவைகளில் பேச்சு மட்டும்தான் ஓடுகிறது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், ஒன்றும் மிஞ்சாது.

பேய்ப் படம் என்றால் படத்தில் பயமில்லை, திரும்பி வீட்டுக்கு நடப்பதில்தான் பயம். தெருவிளக்கு இல்லை, பனங்காணி, ஓலை உரசும் சத்தம். இங்கே கதவைத் திறந்ததும் விளக்கெரியும் வீட்டில் இருந்துகொண்டு எந்தப் பேயைப் பார்த்தாலும் எனக்குக் கொட்டாவிதான். அடிபிடிப் படங்கள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புரூஸ் லீ படம் போட்ட கிழமை ஒழுங்கையில் ஒரு வாழை நிமிர்ந்து நிற்கவில்லை. காதல் படங்கள் பற்றி எழுதினால் மனைவி வாசிப்பாள்.

ஆனால் மனைவியோடு பார்த்த ஒரு படத்தைச் சொல்லவேண்டும். 'மூன்றாம் பிறை'. பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் என்பதால் எங்களுக்கு அவரில் ஒரு சொந்தம். அந்தப் படத்தையும் விறாந்தையில்தான் பார்த்தேன். விபத்தில் நினைவு தப்பிக் குழந்தைபோல ஆன ஸ்ரீதேவி, அவரைப் பார்த்துக்கொள்ளும் கமல், ஊட்டிக் குளிர், நாய்க்குட்டி. வைத்தியர் குணமாக்கலாம் என்கிறார். புள்ளி. நல்லது, சுகமாகிவிடுவார், கலியாணம் கட்டிக்கொண்டு ஊட்டியில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறி வந்துவிட்டேன். ஏழு வருடம் அதை ஒரு சந்தோசமான படமாகவே மனதில் வைத்திருந்தேன்.

கலியாணமான புதிதில், ஒரு குளிர்கால இரவு, "மனதுக்கு இதமான படம் ஒண்டு" என்று சொல்லி நானே கடையில் கொப்பி வாடகைக்கு எடுத்து வந்தேன். பிறகு அந்த ரெயில் நிலையம். கமல் குரங்குபோலக் குதித்துக் காட்டுகிறார். பானையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார். யன்னலோரம் இருப்பவருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. ரெயில் போகிறது. மனைவி அழுகிறாள், நான் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறேன். "இதுவோ இதமான படம்?" என்று கேட்டாள். இருபது வருடத்துக்கு மேலாகியும் எங்கள் வீட்டில் எதற்கும் என் சிபாரிசு எடுபடுவதில்லை.

போர்ப் படங்களை எனக்குப் பார்க்கமுடியாது. இரத்தத்துக்காக அல்ல. 1998இல் வேலைத்தள நண்பர்கள் 'சேவிங் பிரைவேட் ரையன்' பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஆரம்பத்துக் கடற்கரைச் சண்டை முடியுமுன்பே எழும்பி வெளியே போய்ச் சோளப்பொரி விற்கும் இடத்தில் நின்றேன். நல்ல படமாகவே இருக்கலாம். எனக்கு இடித்தது வேறொன்று. போர்ப் படங்களில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. நான் கண்ட போரில் பாதி, வரிசை. மண்ணெண்ணெய்க்கு, சீனிக்கு, பாணுக்கு, வெளியே போகும் பாஸுக்கு. பொம்பர் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனபின் சனம் பங்கருக்குள்ளிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து, முதலில் பார்ப்பது தான் நின்ற இடத்தில் வேறு யாரும் புகுந்துவிட்டானா என்று. அதை எடுத்த ஒரு படத்தை இன்னும் நான் பார்க்கவில்லை.

அதைவிட எனக்குப் போர்ப் படமாகப் பட்டது 'வீடு'. அதுவும் பாலு மகேந்திராதான், அதிலும் பாட்டு இல்லை. சென்னையில் ஒரு பெண் கடன் வாங்கி ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள், அவ்வளவுதான் கதை. குண்டுமில்லை, துவக்குமில்லை. முடியாத அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறார். சொக்கலிங்க பாகவதர். பூசாத சுவரை மெல்லத் தடவிப் பார்க்கிறார். என் அம்மாவும் கூட இருந்து பார்த்தா. அந்த இடத்தில் எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டா. ஒருவரும் கேட்காத தேத்தண்ணி. ஊரில் எங்கள் வீட்டுக்கு அப்போது கூரையும் இல்லை, யன்னலும் இல்லை என்று யாரோ கடிதம் போட்டிருந்த நேரம்.

'தீபன்' வந்தபோது சங்கத்தில் பலர் போய்ப் பார்த்தோம். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய படம், நம்முடைய எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன், அதற்கே ஒரு தடவை பார்க்கலாம். ஒரே குடும்பத்தைச் சேராத மூன்று பேர் குடும்பமாக நடித்து பிரான்சுக்கு வருகிறார்கள். அந்தப் பெண் வாய் காட்டும் இடங்கள், பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நிற்கும் இடம் எல்லாம் அப்படியே நாங்கள் கண்டது. கடைசியில் ஒரு சண்டை, அதுவும் முடிந்து இங்கிலாந்தில் வெயிலும் புல்வெளியுமாக ஒரு வாழ்க்கையைக் காட்டுகிறார்கள். பக்கத்தில் இருந்த, எங்கள் விறாந்தையில் பழகிய நண்பன் மெல்லக் காதுக்குள் சொன்னான்: "மச்சான், இந்த இடத்திலை எண்ணெய் முடிஞ்சிருக்கவேணும்."

அதுதான் என் கருத்தும். அண்ணையைவிடச் சிறந்த எடிட்டரை நான் கண்டதில்லை. பத்துப் படத்தில் ஒன்பதுக்கு அவர் வெட்டிய இடம் சரி.

பத்தாவது, 'அந்த நாள்'. 1999இல் ரொறன்ரோவில் முழுதாகப் பார்த்தேன். அதில் முடிவு வேண்டும். கொன்றவர் யார் என்பதைவிட ஏன் என்பதுதான் பெரிது. அதற்குமேல் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் பாருங்கள்.

2011 சங்க விருந்துக்கு இரசாயன சேர் வந்திருந்தார். மகளைப் பார்க்கக் கனடா வந்தவர். மெலிந்துபோயிருந்தார், ஆனால் அதே கண்ணாடி. காலடியில் போய் இருந்து, "சேர், அந்த நாள் ஞாபகமிருக்கோ? சோதினை முடியச் சொல்லுறன் எண்டனீங்கள்" என்றேன். கொஞ்சநேரம் கோழிக்கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எனக்கும் தெரியாதடாப்பா. படிக்கிற காலத்திலை ரவுணிலை இரண்டாவது காட்சி பாத்தனான். கடைசி பஸ்ஸைப் பிடிக்க இடையிலை எழும்பி ஓடியிட்டன். பிறகு பாக்கக் கிடைக்கேல்லை."

பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார்.

"அப்ப... ஆரடா கொண்டது?"

"சோதினை முடியட்டும், சேர்."