வடத்துக்குள் ஆப்பு அடித்துப் பார்க்கும்போது

ஸ்காட்லாந்தில் 1964இல் திறக்கப்பட்ட ஃபோர்த் சாலைப் பாலம் ஒரு தொங்குபாலம்; அதைத் தாங்கும் முதன்மை வடம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமனுள்ள 11,618 எஃகுக் கம்பிகள் இணையாக ஓடுகின்றன. வெளியே கம்பி சுற்றிச் சாயம் பூசியிருப்பதால் பார்ப்பவருக்கு அது வழுவழுப்பான ஒரே குழாய்போலத் தெரியும். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2004–05இல் அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே துருவும் அறுந்த கம்பிகளும் இருந்தன. வடம் தன் வலுவில் 8 முதல் 10 விழுக்காடு வரை இழந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். செய்திகள் இந்த எண்ணை ஏதோ அளந்து எடுத்ததுபோலவே சொல்லிச் சென்றன என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

தொங்கிக்கொண்டிருக்கும் வடத்தை அறும்வரை இழுத்துச் சோதிக்க வழியில்லை. ஆகவே வடத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் கவ்விகளில் இரண்டுக்கு இடைப்பட்ட ஒரு பகுதியில் மேல்சுற்றை அவிழ்த்து, வட்டத்தின் பல திசைகளிலிருந்து நடுவை நோக்கி ஆப்புகளை அடித்து இறக்குகிறார்கள். கம்பிகள் விலகி ஒரு குறுகிய பள்ளம் திறக்கிறது. அதன் இரு சுவர்களிலும் தெரியும் கம்பிகளை மட்டுமே கண்ணால் காண முடியும். துத்தநாகப் பூச்சு அரிக்கத் தொடங்கினால் கம்பியில் வெள்ளைப் பொடி படியும். பூச்சு தீர்ந்துவிட்டால் பழுப்புத் துரு தலைகாட்டும். பழுப்பு மேற்பரப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் அந்தக் கம்பி கடைசி நிலையான நான்காம் நிலையில் சேர்க்கப்படும். பார்க்காத கம்பிகள், பக்கத்தில் பார்த்தவற்றைப் போலவே இருக்கும் என்று கொள்ளப்படுகின்றன. ஒவ்வொரு நிலையிலிருந்தும் சில துண்டுகளை வெட்டி எடுத்து ஆய்வகத்தில் இழுத்துப் பார்க்கிறார்கள்.

இங்கே சராசரி வலுவைக் கம்பிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் விடை தவறிவிடும். வடத்தில் எல்லாக் கம்பிகளும் ஒன்றாக நீள்கின்றன. அதிகம் நீள முடியாத, விரிசல் கண்ட கம்பி முதலில் அறுந்து, தன் பங்குச் சுமையை மற்றவற்றின் மேல் ஏற்றுகிறது. நீட்சி கூடக்கூட, மிஞ்சிய கம்பிகள் சேர்ந்து தாங்கும் விசை ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கும். அந்த உச்சமே வடத்தின் வலு. கம்பியின் இழுவலிமை பெரிதாகக் குறையாதபோதும் அது நொறுங்கும் தன்மை அடைந்திருந்தால் வடம் பலவீனப்படுவது இதனால்தான். அறுந்த கம்பியும் முழுக்க வீணாவதில்லை: கவ்விகளின் இறுக்கத்தில் எழும் உராய்வால், சில கவ்விகளைக் கடந்ததும் அது மீண்டும் சுமை ஏற்கிறது. அதற்காகவே அக்கம்பக்கப் பகுதிகளில் அறுந்தவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இந்த மதிப்பீட்டுக்குப் பிறகு ஃபோர்த் பாலத்தில் கம்பி அறும் ஓசையைக் கேட்கும் ஒலியுணரிகள் பொருத்தப்பட்டன. துரு மேலும் பரவாதிருக்க வடத்துக்குள் உலர்காற்றைச் செலுத்தும் ஏற்பாடும் செய்யப்பட்டது. இழந்த வலுவை எந்தக் காற்றும் திருப்பித் தராது. அருகே புதிய பாலம் 2017இல் திறக்கப்பட்டதற்கு இந்த வடங்களைப் பற்றிய கவலையும் ஒரு காரணம்.

அடுத்த ஆய்வில் எந்தப் பகுதியைத் திறப்பது என்பதில் கருத்து வேறுபாடு எழலாம். புதிய இடங்களைத் திறந்தால் வடத்தைப் பற்றிய அறிவு விரியும் என்பது உண்மை. ஆனால் முன்பு திறந்த ஓர் இடத்தையேனும் மறுபடி திறந்தால்தான் உலர்காற்று துருவை நிறுத்தியதா என்று ஒப்பிட முடியும் என்பதால், நான் அதையே முதலில் கேட்பேன்.